எழுபது டீ தூரம்

அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற வைரக்கண்ணுவுக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. எந்த ஊரைக் கேட்டாலும் டீயில்தான் தூரம் சொல்வார், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் அரை டீ, மதுரை ஒரு டீ, சென்னை இரண்டு டீ, நடுவில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று. மகன் செழியன், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து நியூசிலாந்தில் ஆக்லாந்து என்ற நகரத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை, “ரோடு இருந்தா நம்ம வண்டியில எத்தனை டீ ஆகும்?” என்றுதான் கேட்டார்.

“நடுவுல கடல்ப்பா.”

“கடலை விடுடா. டீயைச் சொல்லு.”

செழியன் போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, எழுபது டீ ஆகும் என்றான். வைரக்கண்ணு, “அவ்வளவு டீ குடிச்சா மனுஷனுக்குத் தூக்கம் வராதேடா” என்றார்.

அந்த வைரக்கண்ணு ஆனி மாதத்தில் ஒரு காலை, கையிலிருந்த டம்ளரைப் பாதி டீயோடு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார். பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள் பொற்கொடி அப்போது ஏழு மாதம். அப்பாவைத் தொட்டுப் பார்க்கப் போன அவளை அம்மா அஞ்சம்மாள் கையைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குள் விட்டு, வயிற்றுப்பிள்ளைக்காரி சாவைப் பார்க்கக் கூடாது என்று நிலைப்படியில் தன் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். புடவை தரைவரை எட்டவில்லை. அந்த இடைவெளியில் பொற்கொடிக்கு அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன, பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்த பாதங்கள், ஒரு காலத்தில் பிரேக்கையும் கிளட்சையும் மிதித்த பாதங்கள்.

“அண்ணனுக்குப் போன் போடு” என்றாள் அஞ்சம்மாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து. “அப்பாவுக்கு உடம்பு முடியல, உடனே கிளம்பி வான்னு மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாத.”

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பொன்னி நகரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் வழக்கம். வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ மஸ்கட்டிலோ இருந்தது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் சாவைச் சொல்வதில்லை, சீரியஸ் என்பார்கள், கிளம்பி வா என்பார்கள், பிள்ளை வந்து இறங்கி, தெருமுனையில் நின்று பந்தலைப் பார்த்து, தானே தெரிந்துகொள்ள வேண்டும். அஞ்சம்மாளுக்கோ அது வழக்கத்துக்கும் மேல். அவளுடைய அப்பா செத்த செய்தியைத் தந்தியில் படித்துவிட்டு ரயிலேறிய அவள் தம்பி, வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போனவன் போனவன்தான். அன்றிலிருந்து பயணத்தில் இருப்பவனுக்கு உண்மையைச் சொல்வது அவனைத் தள்ளிவிடுவது போல என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொற்கொடி அப்படியே சொன்னாள். அழுகைச் சத்தம் எட்டாத ஒரே இடம் சமையலறைதான் என்பதால், போனும் அவளிடமே தங்கிவிட்டது.

செழியன் கிளம்பினான், சிங்கப்பூரில் விமானம் மாறினான். பாதி வானத்தில் கூப்பிட்டு, “இன்னும் ஒரு மணி நேரம்தான் கொடி. அப்பா எப்படி இருக்காரு?” என்றான்.

“தூங்குறாருண்ணே.”

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைரக்கண்ணு ரோஜா மாலையோடு கிடந்தார். வாசலில் சாமியானா போட்டாயிற்று, பறையடிப்பவர்கள் வந்தாயிற்று, விமான நிலையத்துக்குக் கார் போயாயிற்று. விமானமும் சரியான நேரத்துக்கு வந்தது. அதில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, காத்திருந்தவர்களைக் கட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போனார்கள். செழியனை மட்டும் காணோம். காரில் போனவர்கள் உள்ளே போய் விசாரித்தபோது, அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “31ஏ இன்னும் வந்து சேரலீங்க. ஜன்னலோர சீட்டு. வந்ததும் போன் பண்றோம்” என்று மரியாதையாகச் சொன்னார். அவர்கள் ஏறிப் பார்த்தால் விமானத்தின் அந்த வரிசையில் ஒரு இருக்கை அளவுக்கு இடம்தான் இருந்தது, இருக்கை இல்லை. அது இன்னும் வானத்தில் இருந்தது.

அன்று மாலை செழியன் மறுபடி கூப்பிட்டான். “இன்னும் ஒரு மணி நேரம்தான் கொடி” என்று, முதல்முறை சொல்வது போலவே சொன்னான். மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாளும்.

“பக்கத்துல யாருண்ணே இருக்காங்க?”

“எல்லாரும் தூங்குறாங்க. வெளியில மேகம்தான் தெரியுது. அப்பா எப்படி இருக்காரு?”

“தூங்குறாருண்ணே.”

“குறட்டை விடுறாரா? போனைக் கிட்ட வையேன், கேக்கணும் போல இருக்கு.”

வைரக்கண்ணுவின் குறட்டை, ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறும் வண்டியைப் போல இருக்கும் என்று தெருவே சொல்லும். பொற்கொடி என்ன செய்வதென்று தெரியாமல் திரைக்கு வெளியே கையை நீட்ட, பக்கத்து வீட்டு ஜெயராணி அக்கா போனை வாங்கிக்கொண்டு போய் ஐஸ் பெட்டியின் மோட்டார் பக்கம் பிடித்தாள். மோட்டார் உறுமியது. செழியன் வெகுநேரம் கேட்டான். “நல்லாத் தூங்கட்டும், எழுப்பாதீங்க” என்று வைத்துவிட்டான். ஒருநாள் கரண்ட் போனபோது, வைரக்கண்ணுவோடு இருபது வருஷம் ஒரே வண்டியில் கண்டக்டராக இருந்த சவரிமுத்து ஓடிவந்து, பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தன் தொண்டையிலிருந்தே அந்தக் குறட்டையை எடுத்துக்கொடுத்தார். டெப்போ ஓய்வறையில் பக்கத்துப் பாயில் படுத்துக் கேட்டே பழகியது.

“எறக்கத்துல எப்படி விடுவாருன்னும் தெரியும், வேணுமா?” என்று கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பிறகு அதே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

நாட்கள் போகப்போகத்தான் மற்றதெல்லாம் தெரியவந்தது. ரோஜா மாலை வாடவில்லை. தலைமாட்டு விளக்கு எண்ணெய் கேட்கவில்லை. ஜன்னல் திட்டில் இருந்த அரை டம்ளர் டீயிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. கரண்ட் போனாலும் பெட்டிக்குள் இருந்தவர் முதல் நாள் இருந்தபடியே இருந்தார். செழியனுக்கு அந்த ஒரு மணி நேரம் கழியும்வரை அந்த வீட்டிலும் பந்தலுக்கடியிலும் எதற்கும் ஒரு மணி நேரம் கழியப்போவதில்லை என்று தெரு புரிந்துகொண்டது. புரிந்துகொண்ட பிறகு யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. தண்ணீர் வராத குழாய்க்குப் பழகுவது போல, நிற்காமல் வரும் குழாய்க்கும் பழகிக்கொண்டார்கள்.

இட்லி மாவு விற்கும் ஜெயராணி அக்கா, மாவு புளிக்காது என்று தன் டப்பாக்களை எல்லாம் பந்தலுக்கடியில் கொண்டுவந்து அடுக்கினாள். பூக்காரி விற்காத மல்லிகையை அங்கேயே விட்டுப் போனாள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், எவ்வளவு படித்தாலும் பொழுது மிச்சம் இருக்கிறதென்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். பறையடிப்பவர்கள் பறையைக் கொடிக்கயிற்றில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். போன் எந்த நேரமும் அடிக்கலாம் என்பதால் அந்தத் தெருவில் உரக்க அழுவது நின்றது, பிறகு உரக்கச் சண்டை போடுவது நின்றது, கடைசியில் காய்கறி வண்டிக்காரர்கூட அந்த வாசலைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள், ஈ உட்காராத கண்ணாடி மேல் விசிறிக்கொண்டே இருந்தாள். தாலி இன்னும் கழுத்தில் இருந்தது. பிள்ளை வந்து காரியம் நடந்தால்தானே அதை எடுப்பார்கள்.

எல்லாரையும்விட அந்தப் பந்தலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் சவரிமுத்துதான். அவருடைய நுரையீரலில் இருந்ததைப் பார்த்துவிட்டு டாக்டர் கையை விரித்திருந்தார். ஆனால் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு இருமல் வரவில்லை. பாயைக் கொண்டுவந்து அங்கேயே போட்டுக்கொண்டார்.

பொற்கொடிக்கும் வயிறு அப்படியே இருந்தது. ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, ஜெயராணி அக்கா வீட்டுச் சுரைக்கொடி சாமியானாவின் கம்பியில் ஏறி, துணியைத் தாண்டி வெயிலுக்குப் போன நுனியில் பூத்துக் காய்த்தது, அவளுக்கு மட்டும் ஏழாவது மாதமே நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், டேப்பால் வயிற்றை அளந்துவிட்டு, “அப்படியேதாம்மா இருக்கு. துடிப்பு நல்லா இருக்கு, வளர்த்திதான் இல்ல. காத்திருக்கு போல” என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். துடிப்பு இருந்தது. உதைதான் இல்லை. அப்பா உயிரோடிருந்தபோது, அவர் கூடத்திலிருந்து ஒரு கனைப்புக் கனைத்தால் போதும், உள்ளே ஒரு குதிகால் எழுந்து அவள் விலாவில் இடிக்கும். இப்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

ஐப்பசியில் அவள் புருஷன் திருமேனி தஞ்சாவூரிலிருந்து வந்தான். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, “எம்புள்ளையும் சேர்ந்து எத்தனை நாளைக்கு ஃப்ளைட்ல இருக்கும் கொடி?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவள் கொல்லைப்புற வழியாக அவனோடு தஞ்சாவூருக்குக் கிளம்பினாள்.

அம்மா தடுக்கவில்லை, “போனை மட்டும் எடுத்துட்டுப் போ, பிள்ளை கூப்பிட்டா பேசு” என்றாள். மதியப் பேருந்தில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. வண்டி பொன்னி நகரைத் தாண்டி, பெரிய சாலைக்கு ஏறி, துவாக்குடியை நெருங்கும்போது, உள்ளிருந்து ஒரு உதை விழுந்தது. பிறகு இன்னொன்று. அவள் திருமேனியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்; அவன் பேருந்து என்றும் பார்க்காமல் அழுதான். அப்போது போன் அடித்தது.

“இன்னும் ஒரு மணி நேரம்தான் கொடி. அப்பா எப்படி இருக்காரு?”

“தூங்குறாருண்ணே.”

“கிட்ட வையேன்.”

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. போனை எஞ்சின் மூடியின் மேல் வைத்தாள். டிரைவர் கியர் மாற்றினார், ஹார்ன் அடித்தார், முன்னால் போன லாரிக்காரனை, “யோவ், ரோடு உங்க மாமனார் வூட்டு சீதனமா?” என்று திட்டினார். பக்கத்தில் ஒரு குழந்தை முறுக்கு கேட்டு அழுதது. அவள் போனை எடுத்துக் காதில் வைத்தபோது செழியன் மெல்ல, “நல்லாத் தூங்குறாரு” என்றான். “எழுப்பாதீங்க.”

ஹார்ன் சத்தத்தைக் கேட்டும் தூங்குகிறார் என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று பொற்கொடி அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். துவாக்குடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். திருமேனி பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, “என்னடி?” என்றான். “சொல்லிடணும்” என்றாள். “அம்மா முன்னாடி, அப்பாவைப் பார்த்துட்டு, சொல்லிடணும்.” எதிர்ப்பக்கம் போய் நின்று, திருச்சி வண்டியில் ஏறினார்கள். பொன்னி நகர் நிறுத்தத்தில் கால் வைத்ததும் வயிறு மறுபடி அமைதியானது.

பந்தலுக்கடியில் சவரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“சொல்லப்போறியா பாப்பா?”

“ஆமா மாமா.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா? எம்மக ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கா. மஸ்கட்லேர்ந்து வந்து ஒரு தடவ பார்த்துட்டுப் போயிடுவா. அதுவரைக்கும்தான்.”

சின்ன வயதிலிருந்தே பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பொற்கொடிக்குப் பழக்கமில்லை. நாற்காலிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும், மாவு டப்பாவைத் தூக்க வந்த ஜெயராணி அக்காவும் அவளையே பார்த்தார்கள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. சவரிமுத்து அந்தக் கையைப் பார்த்தார், பந்தலின் துணியை அண்ணாந்து பார்த்தார், பிறகு சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கண்டக்டர் விசிலை எடுத்து வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார்.

“சரி, போ” என்றார். “வண்டியை எவ்வளவு நேரம்தான் ஸ்டாண்டுலயே போட்டு வெக்கிறது.”

அவள் கொல்லைப்புற வழியாகச் சமையலறைக்குள் போனாள். யாரும் எதிர்பார்க்காத விதமாகத் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, அம்மாவுக்கு எதிர்ப்பக்கம், கண்ணாடிக்கு மேல் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தூங்குகிற முகமாக இல்லை. இத்தனை நாளும் பாதங்களை வைத்து அவள் கட்டிக்கொண்டிருந்த முகம் தூங்குகிற முகம், இது வேறு.

“வயித்துப்புள்ளைக்காரி, வராதடி!” என்றாள் அஞ்சம்மாள்.

“அம்மா, அண்ணன்கிட்ட சொல்லப்போறேன்.”

விசிறி நின்றது. “வழியில எறங்கிடுவான்டி. எந்தம்பி மாதிரி எறங்கிடுவான்.”

“வானத்துல எங்கம்மா எறங்குவான்?”

அஞ்சம்மாள் எழுந்து போய் மகள் பக்கத்தில் நின்று, அவள் முந்தானையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் விமானம் ஏறிய பிறகு முதல்முறையாகப் பொற்கொடி தானே அவனைக் கூப்பிட்டாள்.

“இன்னும் ஒரு மணி நேரம்தான் கொடி. அப்பா எப்படி—”

“அண்ணே, அப்பா செத்துட்டாருண்ணே.”

போனில் காற்று மட்டும் கேட்டது. மிக உயரத்தில், ஒரு ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற காற்று.

“தெரியும்டி” என்றான் செழியன். “கிளம்பி வான்னு சொன்னப்பவே தெரியும். நம்ம தெருவுல எத்தனை பேருக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கேன்.”

“அப்புறம் ஏண்ணே கேட்டுக்கிட்டே இருந்தே?”

“நீ தூங்குறாருன்னு சொன்ன இல்ல, அதுக்குத்தான்.”

அவள் வைக்கவில்லை, அவன் அழுது முடிக்கும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள். நடுவில் ஒருமுறை, “கடைசியா என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

“தினமும் கேக்கறதுதான். எம்புள்ள இப்ப எந்த டீக்கடையில நிக்கிறான்னு கேட்டாரு. நான் அடுப்புல இருந்தேன். பதில் சொல்றதுக்குள்ள...”

“சொல்லு அவர்கிட்ட” என்றான் செழியன். “கடைசி டீயும் குடிச்சாச்சு, வந்துட்டிருக்கேன்னு சொல்லு.” அவனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், இருக்கைப் பட்டைகளை அணிந்துகொள்ளச் சொல்லி முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் அறிவிப்பது கேட்டது.

அந்த ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கியது. முதலில் ஜன்னல் திட்டில் டீ ஆறி ஆடை கட்டியது. விளக்கு குனிந்தது, யாரோ ஓடிப்போய் எண்ணெய் ஊற்றினார்கள். மாலையிலிருந்து ஒரு இதழ் கண்ணாடிப் பெட்டிக்குள் உதிர்ந்தது, அதன் மேல் இன்னொன்று. பந்தலுக்கடியில் அடுக்கியிருந்த மாவு டப்பாக்களெல்லாம் ஒரேயடியாகப் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிய, ஜெயராணி அக்கா, “ஐயோ என் மாவு” என்று ஆரம்பித்தவள், பாதியில், “ஐயோ அண்ணே” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனியிலிருந்து தெரு அடக்கி வைத்திருந்த அழுகை அவளிலிருந்து தொடங்கி வீடு வீடாகப் பற்றிக்கொண்டது. பிள்ளைகள் புத்தகங்களை மூடிக்கொண்டு எழுந்தார்கள். கொடிக்கயிற்றிலிருந்து பறை இறங்கியது. வெளியே பாயில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து, நான்கு மாதத்தில் முதல்முறையாக இருமினார், நெடுநேரம் இருமினார்.

சாயங்கால வெயிலில் வீட்டுக்கு மேலே ஒரு விமானத்தின் சத்தம் போயிற்று. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விமானம் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரி போன் செய்து, “31ஏ வந்துடுச்சுங்க” என்றார்.

செழியன், ஆக்லாந்துக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு தெருமுனையில் வந்து இறங்கினான். ஒரு நாள் தாடிகூட வளரவில்லை. பந்தலைப் பார்த்து நிற்கவில்லை, நேராக நடந்து வந்தான். வாசலில் பொற்கொடியைப் பார்த்ததும் அவள் தலையில் கையை வைத்து, “இன்னும் பொறக்கலியா?” என்றான்.

“மாமன் வரட்டும்னு இருந்துச்சு” என்றாள்.

பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள, செழியன் நெருப்புச் சட்டியோடு முன்னால் போய் நிற்க, வைரக்கண்ணுவை வண்டியில் ஏற்றினார்கள். யாரும் சொல்லாமலே சவரிமுத்து பின்பக்கம் போய், வண்டியின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, இருக்கும் மூச்சையெல்லாம் சேர்த்து இரண்டு விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. அப்போதுதான், அந்தத் தெருவில், அந்த வீட்டு வாசலில், பொற்கொடியின் விலாவில் ஒரு குதிகால் வந்து இடித்தது.

கார்த்திகைக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முன்பே, சவரிமுத்து போனார். மஸ்கட்டில் இருந்த ஸ்டெல்லாவுக்கு யார் பேசுவது என்ற பேச்சு வந்தபோது, தெரு ஒன்பது மாதக்காரியிடம் போனைக் கொடுத்தது. “சீரியஸ்னு சொல்லு, போதும்” என்று இரண்டொருவர் பழக்கத்தில் சொன்னார்கள். அஞ்சம்மாள் அவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பொற்கொடி, “அக்கா, மாமா செத்துட்டாருக்கா” என்றாள். மறுமுனையில் எழுந்த அழுகை ஓயும்வரை, வயிற்றில் விழுகிற உதைகளைத் தாங்கிக்கொண்டு, போனை வைக்காமல் நின்றாள். ஸ்டெல்லா அழுதுகொண்டேதான் விமானம் ஏறினாள், கடல் முழுக்க அழுதுகொண்டேதான் வந்தாள். ஆனால் அன்றைக்கே, அவளும் அவள் இருக்கையும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.